மஞ்சள் தண்ணீர் குடித்த ஈர மெஷின்

1

இந்தக் கதை என் அக்காவின் மூக்கிலிருந்து வந்தது. இதைவிட நாகரிகமான பிறப்பிடம் ஒன்றைச் சொல்லலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அக்கா புஷ்பவள்ளிக்கு ஏர்கோன் அறையில் படுத்தால் மூக்கு வறண்டு ரத்தம் வந்துவிடும். அத்தான் கமலநாதனுக்கு ஏர்கோன் இல்லாமல் தூக்கம் வராது. வேலைக்காலம் முழுவதும் சிங்கப்பூரில் மீன் வைக்கும் குளிர்கிடங்கில் இயந்திரம் பார்த்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், உடம்பு மட்டும் இன்னும் கிடங்கிலேயே இருக்கிறது.

ஜொகூரில், உலு திராமில் அவர்கள் வீட்டுக்கு மொத்தமாக ஒரே ஏர்கோன். சீலிங்குக்கு மேலே குழாய் இழுத்து அத்தானே போட்டது. பின்னறைக்குக் காற்று வரும் ஓட்டையை அக்கா அட்டை வைத்து அடைத்துவிட்டு அங்கே காத்தாடிக்குக் கீழே படுப்பாள். அவர் முன்னறையில். சண்டை ஒன்றுமில்லை. ஆனால் புருசன் பெண்டாட்டி பேசிக்கொள்வதில் பாதி, விளக்கை அணைத்த பிறகு பேசுவதுதான். அந்தப் பாதி அவர்களுக்கு இல்லாமல் போயிருந்தது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“ஜொகூரில் அன்று மாலை மழை பெய்துகொண்டிருந்த—”

இங்கே எந்த மாலைதான் பெய்யவில்லை? விட்டேன். அடுத்தது:

“ஈரப்பதமூட்டி எனப்படுவது யாதெனில், காற்றிலுள்ள”

இது வகுப்பறைக் கட்டுரை. [ஸ்கூடாயில் ஆசிரியையாக இருக்கிறேன். இந்த வியாதி விடாது.] அக்கா அதை ‘ஈர மெஷின்’ என்கிறாள். நானும் அப்படியே சொல்கிறேன்.

பனிக்காலத்தில் இருவரும் கனடாவில் இருக்கும் மகன் தீபன் வீட்டுக்குப் போனார்கள். விருந்தாளிகளுக்கு அங்கே ஒரே அறை. ஹீட்டர் காற்றில் முதல் இரவே அக்காவுக்கு மூக்கில் ரத்தம். தீபன் சுவரில் இருந்த ஒரு குமிழைக் கொஞ்சம் திருப்பினான். காற்றுக்குழாயோடு பொருத்தியிருந்த மெஷின் வீடு முழுக்க ஈரக்காற்றை அனுப்பியது. ரத்தம் நின்றது. இருவரும் அந்த விடுமுறை முழுக்க ஒரே அறையில் பேசித் தீர்த்தார்கள்.

ஊர் திரும்பியதும் அத்தான் அதே மெஷினைத் தருவித்து, சீலிங்குக்கு மேலே ஏறி, ஏர்கோன் குழாயில் மாட்டினார். பக்கத்து வீட்டு ரூபேந்திரனுக்குச் சிரிப்புத் தாளவில்லை.

“அலமாக், துணியே காய மாட்டேங்குது இந்த ஊர்ல. ஈரத்துக்கு ஒரு மெஷினாண்ணே?”

“வெளிய இருக்கிற ஈரம் வெளியதான் லா. ஏர்கோன் போட்டா உள்ள இருக்கிறத உறிஞ்சி பைப்புல தள்ளிடுது. உன் வீட்டுப் பின்னால கொட்டுற தண்ணி எங்கேருந்து வருதுன்னு நெனச்ச?”

ஆர்வத்தில் முதலில் குமிழை அதிகமாகத் திருப்பிவிட்டார். அப்பளம் நமத்தது, அலமாரி முதுகில் பூஞ்சை பிடித்தது. பிறகு குறைத்துக் குறைத்து, அக்காவின் மூக்குக்கும் அலமாரிக்கும் ஒத்துப்போகிற இடத்தில் நிறுத்தினார். மெஷினுக்குள் தேன்கூடு மாதிரி ஒரு மெத்தை. அதன்மேல் தண்ணீர் சொட்டும், காற்று அதற்குள் புகுந்து போகும், மிச்சத் தண்ணீர் ஒரு சின்னக் குழாயில் வெளியேறும். ஞாயிறுதோறும் அந்த மெத்தையை வினிகரில் ஊறவைத்து உப்புப் படிவைக் கழுவுவார். பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல அவ்வளவு பொறுமை.

அக்கா தலையணையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டாள்.

3

இங்கே கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். அத்தானை முன்கோபியாக்கிப் பார்த்தேன். “கமலநாதன் பற்களை நறநறவென்று கடித்தபடி” என்று எழுதினேன். அவருக்கு மேல்வரிசை பல்செட். வீட்டுக்குள் அதைக் கழற்றிவைத்துவிடுவார். பிறகு எதைக் கடிப்பார்? அடித்துவிட்டேன்.

(நான்காம் பகுதியில் வாழ்க்கையைப் பற்றிச் சில கருத்துகள் இருந்தன. உங்கள் நலன் கருதி நீக்கிவிட்டேன்.)

5

வில்லன் இல்லாமலே விஷயம் கெட்டது. பொந்தியானில் எங்கள் சித்தி வெள்ளையம்மா தவறிப்போனார். கருமாதி முடிந்ததும் தீட்டுக் கழிய வீட்டு மூலை முடுக்கெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளிப்பது எங்கள் வழக்கம். செம்பும் மாவிலையுமாக நின்ற அக்காவுக்குக் குனிந்து நிமிர முடியாத முழங்கால். மேலே பார்த்தாள். எல்லா அறைக்கும் தண்ணீர் அனுப்பும் மெஷின் சும்மாதானே இருக்கிறது? அத்தான் கடைக்குப் போயிருந்தார். ஏணி போட்டு ஏறி, மூடியைத் திறந்து, செம்பை அப்படியே மெத்தைமேல் கவிழ்த்தாள். [குனிய முடியாதவள் ஏணி ஏறினாளா என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன். “ஏறுறது வேற, குனியறது வேற லா” என்றாள்.]

மஞ்சள் கரைந்த சேறு சின்னக் குழாயை அடைத்தது. தண்ணீர் வழிந்து சீலிங்கில் ஊறியது. இருவரும் படுக்கும் கட்டிலுக்கு நேர் மேலே அகலமாக ஒரு மஞ்சள் திட்டு.

அத்தான் மெத்தையை வெளியே எடுத்துப் பார்த்தார்.

“என்னங்க, வீடு சுத்தமாயிருச்சா இல்லியா?”

“புஷ்பா, தண்ணி மட்டுந்தான் காத்துல போகும். மஞ்சள் இதுலயே நின்னுடும். மெஷினுக்கு மட்டும் தீட்டுக் கழிஞ்சிருச்சு.”

அக்கா சிரிக்கவில்லை. எவ்வளவு தேய்த்தும் சாயம் போகவில்லை, மெத்தைதான் கிழிந்தது. புதியது கனடாவிலிருந்து தீபன் அனுப்பி வர வாரக்கணக்காகும். அக்கா துடைப்பத்தை எடுத்துப் பின்னறையைக் கூட்டினாள். மறுபடி அவள் அங்கே, அவர் இங்கே என்றாகிவிடுமா? அதுதான் எனக்குப் பயம். ஒரு செம்புத் தண்ணீரில் இது முடிந்துவிடக் கூடாது.

6

அன்றைக்கு யார் எங்கே படுத்தார்கள்?

முதல் முடிவு: அத்தான் பின்னறைக்குப் போய்க் காத்தாடிக்குக் கீழே வியர்த்துக்கொண்டு படுக்கிறார். மூன்றாவது சட்டை மாற்றும்போது—

இரண்டாவது முடிவு: அக்கா ஈரத்துண்டைக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டு, குளிரிலேயே படுக்கிறாள்.

மூன்றாவதில் அவர் அவளறைக்கும் அவள் அவரறைக்குமாகத் தலையணையோடு கிளம்பி நடுவீட்டில் முட்டிக்கொள்கிறார்கள். இதை எழுதிவிட்டு எனக்கே கூச்சமாக இருந்தது.

எதற்கு வம்பு, நேரிலேயே கேட்டுவிடலாம் என்று உலு திராமுக்குக் கார் ஓட்டினேன். அக்கா குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கி எந்த ரூம்லக்கா படுத்தீங்க?”

“எதுக்கு?”

“கதைக்கு முடிவு வேணும்.”

“மஞ்சள் தண்ணி ஊத்துனத எழுது. சீலிங்க எழுது. ஊரே சிரிக்கட்டும், பரவாயில்ல. இத எழுதாத, வாசுகி.” அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் காது மடல் சிவந்ததை நான் பார்த்துவிட்டேன். அறுபதைத் தாண்டிய என் அக்கா வெட்கப்பட்டதைப் பார்த்தபோது மனசு நிறைந்துபோனது.

ஆகவே வாசகரே, நான் வைத்திருக்கும் மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது நாலாவதாக நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அனுமதி இல்லை. கிளம்பும்போது ஒரு சபலத்தில், வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்த அத்தானையும் கேட்டுப் பார்த்தேன்.

“உங்கக்கா என்ன சொன்னா?”

“ஒன்னும் சொல்லல அத்தான்.”

“அப்ப நானும் சொல்லல,” என்று குழாயைத் திறந்துவிட்டார்.