மூன்றாவது அடி

நூறு ரூபாய் என்கிறான் பார்லோ துரை, என் செண்பகவல்லி ஆற்றங்கரையில் பத்தடி நடந்து திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் பன்னிரண்டு விநாடிக்கு, அந்தப் பிலிம் துண்டைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருக்கிறான், நகத்தளவில் நூற்றுக்கணக்கான செண்பகவல்லிகள், நெகடிவ் என்பதால் முகம் கறுப்பு, கூந்தல் வெள்ளை, நரைக்கும் வயதுக்கு முன்பே பிரசவத்தில் போய்விட்டவள் அதில் மட்டும் நரைத்து நிற்கிறாள், வீட்டில் அவள் படம் ஒன்றுகூடக் கிடையாது, போட்டோ ஸ்டூடியோக்காரன் மூன்று ரூபாய் கேட்கிறான், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவன் நான், துரையின் சினிமாக் கம்பெனிக்குச் சேலை சப்ளை செய்த ஜவுளிக்காரன், வேடிக்கை பார்க்கட்டும் என்று அவளை அழைத்துப்போன அன்று கதாநாயகிக்குக் காய்ச்சல், தூரத்தில் முதுகு காட்டி நடக்க ஒரு பெண் போதும் என்றான், நடந்தாள், காமிராவுக்குப் பின்னால் நின்று நான் கையை ஆட்டித் தொலைத்தேன், சிரித்துவிட்டாள், காமிராக் கைப்பிடி சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கத்தினான் பாவி, வெட்டிக் கழிவு டின்னில் போட்டான்.

மேதையாம், இன்றைக்கும் பேப்பரில் எழுதுகிறார்கள், லண்டனில் ரயில் என்ஜின் மூக்கில் உட்கார்ந்து படமெடுத்தவனாம், யுத்தத்தில் பதுங்குகுழியில் சாகக் கிடந்தவர்களைச் சிரிக்கச் சொல்லி எடுத்தவனாம், பிறகு சென்னைக்கு வந்து புராணப் படத்துக்குக் கைப்பிடி சுற்றினான், அத்தனை முகத்தைப் பார்த்தவனுக்கு என் முகத்தைப் படிக்கத் தெரியவில்லையே, பதினைந்து ரூபாய் என்றேன், தலையை ஆட்டினான், சரி வேண்டாம் துரை என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன், எங்கள் ஜவுளிக் கடைகள் இருக்கும் கோடவுன் தெருவில் வேறெப்படித் திரும்புவார்கள், ஒரு அடி, இரண்டு அடி, மூன்றாவது அடியில் எந்தக் கடைக்காரனும் கூப்பிட்டுவிடுவான், மூன்றாவது அடி வைக்கிறேன், இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன், வாசலில் குனிந்து செருப்பைச் சரிசெய்வது போல நேரம் கடத்துகிறேன், உள்ளே அவன் சீட்டியடிக்கிறான்.

ஆளனுப்புவான் என்று ஏழு நாள் கடையில் காத்திருந்தேன், போய் வாங்கிட்டு வாங்கண்ணே, அண்ணி படம்ல்ல என்றான் தம்பி, முதலில் போகிறவன் தோற்றான் என்றேன், எட்டாம் நாள் நூறு ரூபாயோடு போய் நிற்கிறேன், அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை, நீங்க வேணாம் சொல்லி போச்சு செட்டியார், வேணாம்னா வேணாம்தானே, நான் எதுக்குக் கூப்பிடறது, டின்னைக் காலி செய்து வளையல் பட்டறைக்கு எடைக்குப் போட்டுவிட்டானாம்.

பக்கீர் ராவுத்தரின் வளையல் பட்டறையில் அண்டா கொதிக்கிறது, பிலிமை வெந்நீரில் போட்டால் படம் கரைந்துவிடும், மிச்சத்தை இளக்கிச் சாயமேற்றி வளையல், எது எந்தப் படம்னு படைச்சவனுக்குத்தான் தெரியும், நேத்து ஊத்துனது இம்புட்டுத்தான் என்று சிவப்பு வளையல்களைத் தள்ளினார், டஜன் மூன்றணா என்றார், எடுத்தேன், என்ன செட்டியாரே, கொறச்சுக் கேக்கலியா என்றார், துணிப்பையை விரித்து ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டேன், நாலு டஜன், பன்னிரண்டணா, பாக்கி இல்லை.