முட்டைக்கோஸ் மேல் போட்ட பழி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் மிளகாய்ச் செடியிலிருந்து வந்தது. போலந்துக்கு வந்து பத்தொன்பது வருடம். நகர ஓரத்தில் ஒரு துண்டுத் தோட்டம் வாடகைக்கு எடுத்து, மூன்று கோடை மிளகாய் போட்டு, இலையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. நாலாம் கோடையில் அடுத்த துண்டுக்காரி பொகுமிலா ஒரு காபி டப்பாவில் வெள்ளைத் தூள் கொண்டுவந்து நீட்டினாள்.

"நான் வேலை பார்க்கற மின்நிலையத்துச் சிம்னிப் புகையிலேருந்து எடுத்தது. ஒரு ஸ்பூன் போடு. ஆசைப்பட்டு ரெண்டு போட்டுட்டு என்னைத் திட்டாத."

செடி காய்த்தது. கதையும் அப்போதே [அசடு வழிகிறது. அடிக்கவும்.]

2

தொடக்கத்துக்குப் பட்ட பாடு:

"எலெக்ட்ரான்கள் கண்ணுக்குத் தெரியாதவை." பாடப்புத்தகம். வேண்டாம்.

"அன்று காலை புகைபோக்கியில்" என்ன? ஒன்றும் நடக்கவில்லை. இந்தக் கதையின் தலைவலியே அதுதான். அனல்மின் நிலையத்தில் பொகுமிலா பார்த்துக்கொள்ளும் கருவி ஒழுங்காக ஓடினால் எதுவுமே நடக்காது. நிலக்கரிப் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு இருக்கிறது, நெஞ்சைக் கரிக்கும் வாயு. புகையை ஈரமாக்கி, அமோனியா கலந்து, எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் அந்த வாயு அமிலமாகும். அமிலம் அமோனியாவோடு சேர்ந்து தூளாகும். தூள், உரம்.*

* பொகுமிலாவுக்கு இந்தப் பத்தியை மட்டும் போலிஷில் சொல்லிக் காட்டினேன். "இவ்ளோதானா? இதுக்கா எங்களுக்கு மூணு மாசம் பயிற்சி கொடுத்தானுங்க?" என்றாள்.

3

இவளை எப்படி எழுதுவது? ஐம்பத்து மூன்று வயது, நேர்மையானவள், கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தபடியே தூங்கத் தெரிந்தவள். இப்படிப்பட்டவள் தப்பு செய்ய ஒரு காரணம் வேண்டுமே. கிடைத்தது. தோட்டச் சங்கத்தின் முட்டைக்கோஸ் போட்டியில் நாலு வருடமாக இரண்டாம் பரிசு வாங்குகிறாள்.

[முந்தின ஞாயிறு வேலியோரம் நின்று ஒருவன் அவளிடம் – வேண்டாம், இந்த வாக்கியம் தேவையில்லை.]

ஜூலையில் ஒரு செவ்வாய், மதியம். ஷிப்டுப் பொறுப்பாளன் லெஷெக். ஷிப்டு முழுவதற்கும் காலையிலேயே பதிவேட்டில் ஒரே கையெழுத்தாகப் போட்டுவிடுவது அங்கே பழக்கம். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

"சூப் ஆறிடும். போ, நான் பார்த்துக்கறேன்," என்றாள் பொகுமிலா.

"என்ன இன்னிக்கு இவ்ளோ அக்கறை? முட்டைக்கோஸுக்கு என் தலையை நறுக்கிப் போட்டுராத."

"உன் தலையில ஏது சத்து?"

அவன் சிரித்துக்கொண்டே போனான். அவள் அமோனியாவை ஏற்றினாள். அமோனியா கூடினால் தூளும் கொஞ்சம் கூடும். அளவு தாண்டினால் மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியாக அப்படியே வெளியே போகும். போயிற்று. நாற்பது நிமிடத்தில் ஊரே குதிரை லாயம்போல நாறியது. காயப்போட்ட துணியையெல்லாம் ஜனங்கள் திட்டிக்கொண்டே மறுபடி துவைத்தார்கள்.

4

வியாழக்கிழமை சுற்றுச்சூழல் ஆய்வாளர் கிராஜினா வந்து பதிவேட்டை விரித்தார்.

"கையெழுத்து உங்களுதுதானே?"

"என்னுதுதான், பானி," என்றான் லெஷெக், போலிஷ் 'மேடம்' போட்டு.

"அப்போ ஏத்தினது நீங்கதான்."

அவன் பொகுமிலாவைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான். அந்தக் கான்கிரீட்டுக்குப் பின்னால்தான் கற்றை ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு இரண்டு குழந்தைகள், பதினாலு வருட வேலை. ஒரு வார்த்தையில் போய்விடும்.

 

5

முடிவு ஒன்று: அவள் வாயைத் திறக்கவில்லை, முட்டைக்கோஸ் முதல் பரிசு வாங்குகிறது. அரைப் பக்கம் எழுதினேன். என்மேலேயே வெறுப்பு வந்தது.

முடிவு இரண்டு: கிராஜினாவுக்கும் ஒரு தோட்டம் இருக்கிறது, ஒரு டப்பா தூளை வாங்கிக்கொண்டு சிரித்தபடி போய்விடுகிறார். நீங்கள் நம்பமாட்டீர்கள்.

நடந்தது இது. பொகுமிலா எழுந்து நின்றாள்.

"நான்தான் ஏத்தினேன், பானி. இவன் சூப் குடிக்கப் போயிருந்தான்."

"எதுக்கு ஏத்துனீங்க?"

"தூளுக்கு."

"யாருக்குத் தூள்?"

பதிவேட்டை மூடி அவரிடம் தள்ளினாள். "எனக்குத்தான். முட்டைக்கோஸுக்கு."

லெஷெக் தப்பித்தான். இவளுக்குத் திங்கட்கிழமை விசாரணை.

6

மூன்றாம் பகுதியில் அடித்த வாக்கியத்தை இப்போது முடிக்கிறேன். வேலியோரம் நின்று "இன்னும் ரெண்டு டப்பா கிடைக்குமா? நண்பர்களுக்கும் கொடுக்கணும்," என்று கேட்டவன் நான். "அவ்ளோ தூள் கிடைக்காதே," என்றாள். நான் விடவில்லை. இரண்டாம் பரிசு உண்மை. அதற்காகத்தான் ஏற்றினாள் என்பது, அவள் அங்கே சொல்லி நான் இங்கே ஊதிப் பெருக்கிய பொய்.

"தனக்காக இல்ல, வேற யாரோ கேட்டதாலதான் செஞ்சாள்னு அந்த ஆளே எழுதிக் கொடுத்தா வேலையாவது மிஞ்சும். யாருன்னு என்கிட்டகூடச் சொல்லமாட்டேங்கறா," என்று நேற்று லெஷெக் என்னிடமே புலம்பினான். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் எழுதினேன், தமிழில். இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை என்ற தைரியம்தான்.

நீங்கள் படித்துவிட்டீர்கள். இன்று சனி. ஜன்னலில் பறித்து வைத்த மிளகாய் பழுத்திருக்கிறது. போலிஷில் எழுத ஒரு வெள்ளைத்தாள் எடுத்து வைத்திருக்கிறேன். மேலே தேதி போட்டாயிற்று.

பெயர் எழுதவேண்டிய இடம் காலியாக இருக்கிறது. என்னை எழுதச் சொல்லுங்கள்.