அவங்க படி, நம்ம படி

1
இந்தக் கதை ஒரு முழங்கால் வலியில் பிறந்தது. வலி என்னுடையதல்ல, ரெக்கார்டு ரூம் அக்காவுடையது. அடுத்தவர் வலியில் குளிர்காய்வதுதானே எங்கள் தொழில்!

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வரலாறு இந்தச் சுவர்களுக்குள் உறங்கிக்கொண்டு...’

வேண்டாம். வரலாறு உறங்கினால் அக்காவுக்கு ஏன் மூட்டு தேய்கிறது?

2
அக்கா வேலை பார்க்கும் அலுவலகம் ஒரு காலத்தில் யாரோ பெரிய மனிதரின் பங்களா. முன்பக்கம் கைப்பிடியோடு அகலமான படிக்கட்டு. பின்பக்கம் குறுகலாக, செங்குத்தாக இன்னொன்று. அதிகாரிகள் முன்படியில் ஏறுவார்கள். அக்கா இருபத்திரண்டு வருடமாகப் பின்படி. தடை உத்தரவு எதுவும் கிடையாது. (இருந்தால் அந்தக் கோப்பு அக்காவிடம்தான் இருக்கும்.)

போன மாதம் சேர்ந்த டைப்பிஸ்ட் ஏழு மாதக் கர்ப்பிணி. முதல் நாள் முன்படியில் கால் வைத்தவளை அக்காதான் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அது அவங்க படிம்மா. நம்ம படி பின்னாடி இருக்கு.”

(அக்காவை நல்லவளாகத்தான் எழுத நினைத்தேன். இந்த இடத்தில் கைநழுவிவிட்டாள்.)

3
நேற்று பெயின்டர் பின்படிச் சுவரைச் சுரண்டினார். ஐந்தாறு பூச்சுக்கு அடியில் எழுத்து தெரிந்தது: ‘வேலைக்காரர் ஏறும் வழி’.

“யாருக்கா அந்த வேலைக்காரங்க?” என்றார் பெயின்டர்.

“அவங்கல்லாம் எப்பவோ போயிட்டாங்கப்பா” என்றாள் அக்கா, மூன்றாம் படியில் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கியபடி.

பின்னால் வந்த டைப்பிஸ்ட் அந்த எழுத்தைப் படித்தாள். “போன வாரம் இங்கதான் வழுக்கிச்சுக்கா. நல்லவேளை, விழல. உங்ககிட்ட சொல்லல.”

அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. யாரும் போடாத ஒரு சட்டத்துக்கு இத்தனை வருடம் சம்பளமில்லாத காவல்காரி!

“பூசிடவாக்கா?”

“பூசிடுப்பா... இரு. நாளைக்குப் பாத்துக்கலாம்.”

4
ஒரு முடிவு: மறுநாள் இருவரும் முன்படியில் ஏறுகிறார்கள், மேனேஜர் எழுந்து நின்று... (சினிமா. அடித்துவிட்டேன்.)

இன்னொன்று: பழக்கதோஷம், மறுபடியும் பின்படி. (நடக்கக்கூடியதுதான். டைப்பிஸ்டை நினைத்தால் எழுதக் கை வரவில்லை.)

தீர்ப்புச் சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. நேற்று ஒரு சான்றிதழின் நகல் வாங்க அங்கே போனேன். வாசலில் காவலும் இல்லை, பலகையும் இல்லை. ஆனாலும் நேராகப் பின்படிக்குத்தான் போனேன். அங்கேதான் அக்காவைப் பார்த்தேன், இதையெல்லாம் கேட்டேன்.

இப்போது காலை மணி ஒன்பதே முக்கால். வழி பிரிகிற இடத்தில் அக்கா நிற்கிறாள், டைப்பிஸ்டின் கையைப் பிடித்துக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் நீங்கள். உங்கள் கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று முதலில் பாருங்கள். அக்காவை அப்புறம் கேட்போம்.