மேலேயா, கீழேயா?

பன்னிரண்டாம் வகுப்பில் ஒருத்திக்கு வக்கீல் என்று பெயர். பெயர் வைத்தது வகுப்பு, பெற்றது நான். பள்ளியில் அவளுக்கு நான் இயற்பியல் மிஸ், வீட்டில் அம்மா. இரண்டு இடத்திலும் என் பேச்சைக் கேட்பதில்லை.

இந்த முறை சண்டை ரெக்கார்டு நோட்டில் வந்தது. கண்ணாடிக் குழாய்க்குள் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாகப் போகிறது. நம் பக்கமிருந்து காந்தத்தின் வடமுனையை அதற்கு நேராகக் காட்டினால் கற்றை மேலே வளையும். ஒன்பது வருடமாக என் வகுப்பில் எல்லோரும் எழுதுவது அதுதான். நான் சேருவதற்கு முன்பே பள்ளியின் குழாய் எரிந்துபோயிருந்ததால், முன்னால் படித்தவர்களின் நோட்டைப் பார்த்து எழுதுவார்கள், நானும் கையெழுத்துப் போடுவேன். இவள் மட்டும் 'கீழே' என்று எழுதினாள். சிவப்பு மையில் வட்டம் போட்டேன். மாற்றி எழுதினால்தான் கையெழுத்து, கையெழுத்து இருந்தால்தான் செய்முறைத் தேர்வு என்றேன். மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தேர்வுக்கு இன்னும் இரண்டே நாள்.

அன்று காலையில் பார்த்தா புதுக் குழாய் வந்து சேர வேண்டும்! போட்டே பார்த்துவிடுவோம் என்றேன்.

"மிஸ், கீழ போச்சுன்னா?" என்று கடைசி பெஞ்சு கேட்டது.

"போனா, உங்க எல்லார் முன்னாடியும் அவ நோட்டுல கையெழுத்துப் போடறேன். மேல போனா இன்னைக்கே அவ மாத்தி எழுதணும்."

"சரிங்க மிஸ்," என்றாள் வக்கீல். அந்த 'மிஸ்'ஸில் இருந்த காரம் எனக்கு மட்டும்தான் உறைத்தது.

ஜன்னல் திரைகளை இழுத்து மூடினோம். ஆய்வக உதவியாளர் குழாயைக் கைக்குழந்தை மாதிரி தூக்கி வந்து மாட்டினார். "யாரும் வயரைத் தொட்டுடாதீங்கப்பா, தூக்கி அடிச்சிடும்," என்று மூன்று முறை சொன்னார். குழாயின் கழுத்தில் இழை சிவந்தது. மின்னழுத்தக் குமிழை மெல்லத் திருப்பினார். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார். சட்டென்று குழாய்க்குள் இருந்த ஒளிர்திரையில் ஒரு நீலக் கோடு விழுந்தது.

"ஹேய்!" என்று வகுப்பே கத்தியது. நானும்தான் கத்தினேன். ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் நேர்க்கோடு.

காந்தத்தை எடுத்தேன். சிவப்பு முனையைக் குழாய்க்கு நேராக நீட்டினேன்.

கோடு கீழே வளைந்தது.

"காந்தத்துல பெயிண்ட் மாத்தி அடிச்சிருப்பாங்க," என்றேன். சாக்குச் சொல்வதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. வக்கீல் திசைகாட்டியை எடுத்து, குழாயிலிருந்து தள்ளி மேசையில் வைத்தாள். காந்தத்தின் சிவப்பு முனை கிட்டே போனதும், முள்ளில் தெற்கைக் காட்டும் நுனி அதை நோக்கித் திரும்பியது. சிவப்பு வடமுனைதான். பெயிண்ட் சரி.

"இடது கை விதியை ஒரு தடவை காட்டுங்க மிஸ்."

காட்டினேன். ஆள்காட்டி விரல் காந்தப்புலம், குழாயைப் பார்த்து. நடுவிரல் மின்னோட்டம், வலப்பக்கம். கற்றை வளையும் திசையைச் சொல்லும் கட்டைவிரல் ஜம்மென்று மேலே.

"வலப்பக்கம் போறது எலக்ட்ரான். மின்னோட்டம் எந்தப் பக்கம் மிஸ்?"

எலக்ட்ரான் எதிர்மின்னூட்டம் கொண்டது, அது போகும் திசைக்கு எதிர்த்திசைதான் மின்னோட்டம். வருடா வருடம் நானே தொண்டை வறள நடத்துகிற பாடம். நாக்கைக் கடித்துக்கொண்டேன். நடுவிரல் இடப்பக்கம் பார்க்கும்படி கையைத் திருப்பினேன். கட்டைவிரல் தரையைக் காட்டியது.

கூரை பிய்த்துக்கொண்டு போகாத குறை. "அப்ப நாங்க எல்லாரும் திரும்ப எழுதணுமா?" என்று ஒருத்தன் அலறினான். இன்னொருத்தன் மேசையில் தாளம் போட்டான்.

எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே முடியவில்லை. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன், கோடு இன்னும் வளைந்தது. விலக்கினேன், நிமிர்ந்தது. முனையை மாற்றினேன், மேலே ஏறியது. நான் எதையும் தொடவில்லை, நடுவில் வெறும் காற்றும் கண்ணாடியும்தான். ஆனாலும் அந்தக் கோடு என் கை சொன்னபடி கேட்டது. திரும்பவும் மாற்றினேன். திரும்பவும்.

"ஐயோ, பாருங்களேன்! இங்க பாருங்களேன்!" என்று யாரோ குதித்துக் கத்துகிற சத்தம் கேட்டது. அது என் குரல்தான்.

வக்கீல் நோட்டை நீட்டியபடி நின்றிருந்தாள். திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றாள். பள்ளிக்குள் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "நீ இதுக்கு முன்னாடி இதைப் பார்த்ததே இல்லையா?"

தாளம் நின்றது.

"இல்லடி," என்றேன். "நான் படிச்ச காலேஜ்லயும் குழாய் எரிஞ்சு கிடந்துச்சு. சீனியர் அக்கா நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன்."

சிரிக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். அவள் நோட்டை மூடி மேசையோரம் வைத்தாள்.

"கையெழுத்து அப்புறம் போட்டுக்கலாம்," என்றவள், வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். "டேய், எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கடா. எங்கம்மா பார்க்கட்டும்."