நாலு நிமிடப் படம்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை மேசையில் உட்கார்ந்து யோசித்ததல்ல. ஸ்கேன் இயந்திரத்துக்குள் மல்லாந்து படுத்திருந்தேன். மூக்குக்கு நான்கு விரல் மேலே கூரை. "அசையாதீங்க" என்று ஒரு குரல் சொன்னது. அப்போது தோன்றியது.

முதல் தொடக்கம்: 'ராட்சதக் காந்தத்தின் வயிற்றுக்குள் ஒரு மனிதன்—' வேண்டாம், பந்தாவாக இருக்கிறது.

இரண்டாவது: 'ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அந்த அறையில்—' இது ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறது.

நேராகவே சொல்கிறேன். ஸ்கேன் எடுக்கிற வேலையில் இருக்கும் ஒரு பெண். உள்ளே படுத்திருப்பவர் அவளுடைய அண்ணன், பஸ் ஓட்டுநர். போன வாரம் டிப்போவில் டீ டம்ளரைப் பிடித்தபடியே அரை நிமிடம் சிலையாகிவிட்டார். கூப்பிட்டவர்களின் குரல் காதில் விழவில்லை. மூளையில் ஏதாவது இருந்தால் ஸ்டீயரிங்கை மறந்துவிட வேண்டியதுதான். உயிரைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும்.

2

அண்ணனுக்கு அடைசலான இடம் ஆகாது. லிஃப்டைக் கண்டாலே மாடிப்படியைத் தேடுவார். மருத்துவர் எழுதியிருந்த ஸ்கேனுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகும். ஐந்தாவது நிமிடத்திலேயே, அவசரத்துக்கென்று கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கிவிட்டார். மணி அடித்தது. அவள் ஓடிவந்து வெளியே இழுத்தாள்.

"முடியல பாப்பா. விட்டுரு."

"கண்ண மூடிக்கோ அண்ணா. கொஞ்ச நேரம்தான்."

"பல்லு புடுங்கறப்பவும் இப்படித்தான் சொன்னாங்க."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. "சரி, புதுசா ஒரு முறை வந்திருக்கு. நாலு நிமிஷம். அதுல எடுத்துடறேன்."*

* புது முறையில் இயந்திரம் ஆறில் ஒரு பங்கைத்தான் அளக்கிறது. மீதியை, ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய ஒரு மென்பொருள் இட்டு நிரப்பிவிடும். பெரும்பாலும் சரியாகவே நிரப்பும். (கதை எழுதுகிற என் பிழைப்பும் இதுதான். பஸ் டிப்போவை நான் வாசலில் நின்று பார்த்ததோடு சரி. அந்த ஓட்டுநர் மேல் எனக்கே அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை.)

3

படம் துடைத்துவைத்த மாதிரி வந்தது. பழக்கதோஷத்தில் அவள், மென்பொருள் கைவைக்காத படத்தையும் பக்கத்தில் திறந்தாள். அது மழை விழுந்த கண்ணாடி மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. அதில் இடது நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கம், எள்ளளவு வெளுப்பு. சுத்தமான படத்தில் அதே இடத்தில் ஒன்றுமே இல்லை.

வெறும் தூசுப் புள்ளி போல அர்த்தமில்லாததாக இருக்கலாம். குப்பையென்று மென்பொருள் துடைத்துவிட்ட நோயாகவும் இருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சமாதானம் சொல்லி மறுபடி படுக்கவைத்திருப்பாள். அண்ணன் என்பதால் இளகி, அண்ணனுக்கே குறைத்து அளந்துவிட்டாள்.

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) திரும்ப எடுக்கிறார்கள். ஒன்றுமில்லை. இருவரும் சிரித்துக்கொண்டே காண்டீனுக்குப் போகிறார்கள். நம்ப ஆசையாக இருக்கிறது.

(ஆ) அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை, நாற்பது பயணிகளோடு அந்தப் பஸ் வளைவில்— இதை முடிக்க மாட்டேன்.

(இ) போதும் இந்த நாடகம். ஓட்டுநரும் இல்லை, டிப்போவும் இல்லை. அரை நிமிடம் சிலையாக நின்றவன் நான், கையில் இருந்தது பேனா. பந்தை அமுக்கியதும் நான்தான். இப்போது ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் தங்கை. இரண்டு நிமிடத்தில் வருகிறேன் என்றவள் இருபது நிமிடமாக இரண்டு படங்களை மாறி மாறிப் பார்க்கிறாள். புது முறையைப் பற்றி அவள் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த வெளுப்பை மட்டும் நான் பார்க்கவில்லை. அவள் முதுகைப் பார்த்து நானே நிரப்பிக்கொண்டது. பயமாக இருக்கிறது.

5

வந்தாள்.

"படம் நல்லா வந்திருக்கு அண்ணா." என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னாள். சின்ன வயதில் என் மைப்புட்டியை உடைத்த அன்றும் பொத்தானிடம்தான் பேசினாள்.

"டாக்டர் எழுதினது இது இல்லையே."

அவள் பார்வை பொத்தானிலேயே இருந்தது.

"இருபத்தஞ்சு நிமிஷத்தையே எடுத்துரு பாப்பா."

"உன்னால முடியாது. பந்த அமுக்கிருவ."

"பந்தே குடுக்காத."

"குடுக்காம எடுக்கக் கூடாது."

"சரி, குடு. அமுக்க மாட்டேன்."

நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. நிம்மதியிலா, வேறு எதனாலா என்று இட்டுக்கட்ட எனக்குத் தெரியும். செய்யப்போவதில்லை.

உள்ளே அவள் இயந்திரத்தைத் தயார் செய்கிறாள். கட்டிய கைக்கடிகாரத்தை மறுபடி கழற்றிவிட்டேன். பேனாவில் இரும்பு இருப்பதால் அதையும் உள்ளே விடமாட்டார்கள். இந்தச் சீட்டை பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். நான் வெளியே வரும்வரை உங்களிடம் இருக்கட்டும். தயவுசெய்து எதையும் நிரப்பாதீர்கள்.