இரண்டாம் மாடியில் திரும்பியவர்

சாவி என்று எல்லோரும் கூப்பிடும் பூட்டு ரிப்பேர்காரருக்குத் தன் மூத்த சகலை மேல் முதலில் பொறாமைதான் இருந்தது. சகலை லிப்ட் மெக்கானிக். அடுத்தவர்களை அலுங்காமல் மேலே ஏற்றிவிடுவது அவர் வேலை. தான் மட்டும் படியில்தான் ஏறுவார். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வந்த பழக்கம். "பெரிய மாப்பிள்ளை எப்படி இளைச்சுட்டாரு பாருங்க!" என்று மாமியார் பூரிக்கும்போதெல்லாம் சாவி தொப்பையை எக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

ரோஷம் வந்து அவரும் சேர்ந்துகொண்டார். இருவருக்கும் வேலை ஒரே கட்டடத்தில், இருபத்திரண்டு மாடி. மதிய இடைவேளையில் ஏறுவார்கள். சில நாள் சாவிக்குக் கால் கெஞ்சும்.

"உடம்பு ஒரு மாதிரியா இருக்கு அண்ணா. இன்னைக்கு விட்டுடலாமே."

"ரெண்டு மாடி மெதுவா ஏறிப் பாருங்க. அப்பவும் அப்படியே இருந்தா இறங்கிடலாம். சரியாயிட்டா அது சோம்பல்."

பெரும்பாலும் அது சோம்பலாகவே இருந்து தொலைத்தது.

அந்த வருடம் கட்டட நிர்வாகம் படியேறும் போட்டி வைத்தது. சகலைதான் ஜெயிப்பார் என்பதில் காவலாளி முதல் மேனேஜர் வரை யாருக்கும் சந்தேகமில்லை. நாலு மாதம் விடாமல் பயிற்சி செய்தார். போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது காய்ச்சலில் விழுந்தார். போட்டியன்று காலை காய்ச்சல் விட்டிருந்தது. பனியனில் நம்பர் அட்டையைக் குத்திக்கொண்டு வந்து நின்றார். மாமியார் உட்பட குடும்பமே கீழே திரண்டிருந்தது.

"தொடங்கறதுக்கு முன்னாடி ரெண்டு மாடி ஏறிப் பார்த்துடலாம், வாங்க" என்று சாவியைக் கூப்பிட்டார்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் இருமல் வந்தது. அடிநெஞ்சிலிருந்து வந்த இருமல். படியில் உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்தபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அட்டையின் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"என்னண்ணா இது! எல்லாரும் உங்களுக்காகத்தானே வந்திருக்காங்க?"

"எனக்கும் ஆசையாத்தான் இருக்கு." கழற்றிய அட்டையை இரண்டாக மடித்தார். "உடம்பு இன்னும் தேறலை."

"மெதுவாவாவது ஏறுங்களேன்."

"யாராவது முந்தினா நான் மெதுவா ஏறுவேனா? என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா!"

கீழே வந்து அவரே எல்லோரிடமும் சொன்னார். கூட்டத்தில் ஒருவன், "பயந்துட்டாரு போல" என்று சிரித்தான். "ஆமாப்பா, கொஞ்சம் பயம்தான்" என்று சகலையும் சிரித்தார். சாவிக்குத்தான் சுருக்கென்றது. தன்னிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், செத்தாலும் பரவாயில்லை என்று ஏறியிருப்பார்.

தானும் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்த சாவி முப்பத்தொன்றாவதாக மேலே போய்ச் சேர்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். லிப்ட் கதவு திறந்து, தண்ணீர் பாட்டிலோடு சகலை வெளியே வந்தார்.

"முப்பத்தொண்ணா! வீட்ல சொன்னா நம்பவே மாட்டாங்க!" என்று முதுகில் தட்டினார். அந்த முகத்தில் துளி வருத்தமாவது தெரிகிறதா என்று சாவி தேடிப் பார்த்தார். கண்ணோரம் கொஞ்சம் இருந்தது. ஆனாலும் வாய் நிறைய சிரிப்பு.

பத்து நாள் கழித்து சகலை மறுபடி படிக்கு வந்தார். ஒவ்வொரு மாடியாக நின்று நின்று ஏறினார். பார்சல் தூக்கிக்கொண்டு வந்த ஆள்கூட, "வழி விடுங்க சார்" என்று முந்திப் போனான். சகலை சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார். ஐந்தாவது மாடியில் நாடியைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு இது போதும்" என்றார்.

சாவிக்கு அன்று தெம்பு மிச்சமிருந்தது. சகலையை லிப்டில் அனுப்பிவிட்டு, ஆறாவது மாடிக்குத் தனியாகக் காலெடுத்து வைத்தார்.