கட்டில் உயரத்துக்கு ஒரு பிக்கப்

1

இந்தக் கதை பிறந்ததே ஒரு வசவில்தான். என் அக்கா ஒர்லிண்டா திட்டினாள்: "பக்கம் பக்கமா கிறுக்கத் தெரியுதுல்ல, ஒரு அளவு டேப்பைப் பார்த்துச் சொல்லத் தெரியாதாடி உனக்கு?" ஏன் திட்டினாள் என்பதை முதல் மூன்று வரைவுகளிலும் மறைத்தேன்.

முதல் தொடக்கம்: "எஸ்பன்யோலாவின் செம்மண் குன்றுகளுக்குப் பின்னால் சூரியன்…" (அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் குன்றை யார் பார்க்கிறார்கள்? தெருவில் எந்த வண்டி எவ்வளவு தாழ்வாகப் போகிறது என்றுதான் பார்ப்பார்கள். ஸ்பிரிங்கை அறுத்து, வண்டியைத் தரையோடு தாழ்த்தி ஓட்டுவதுதான் இங்கே பெருமை.)

2

அத்தான் உபால்டோவுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டு எட்டு மாதம். கட்டிலில் தானாக உட்காருவார், தானாக எழுந்திருப்பார். ஆனால் அவருடைய அறுபத்தைந்தாம் வருடத்துப் பிக்கப் வண்டியில் ஏற முடியவில்லை. இருக்கை உயரம். அவருடைய அண்ணன் மகன்கள் தூக்கிவிட வந்தார்கள்.

"ஏன்டா, நான் என்ன வைக்கோல் கட்டா? ஏறினா நானே ஏறுவேன். இல்லையா, அதை வித்துத் தொலைங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலய முற்றத்தில் வண்டிகளுக்கு வருடாந்திர ஆசீர்வாதம். ஒரு வருடமும் அவர் தவறியதில்லை.

அக்கா யோசித்தாள். மனிதரை ஏற்ற முடியாவிட்டால் வண்டியை இறக்கலாமே! (இதை அத்தானிடம் சொல்ல ஒரு முழுப் பக்க வசனம் எழுதியிருந்தேன். நிஜத்தில் அவள் சொல்லவே இல்லை. நாற்பது வருடமாக, "வண்டி சுமக்கத்தான், தரையை நக்க இல்ல" என்று ஊரையே நக்கலடித்தவர் அவர்.)

3

கட்டில் இருபத்தெட்டு அங்குலம். வண்டி இருக்கை முப்பத்து மூன்று. அக்கா வெல்டிங் வேலைக்காரி. நான்கு ஸ்பிரிங்கையும் கழற்றி, அளவாக அறுத்து மாட்டி, ஜாக்கியை இறக்கினாள். டேப் பிடித்தது நான்.

"முப்பத்தொண்ணு, அக்கா."

மறுபடி ஜாக்கியில் ஏற்றி, ஸ்பிரிங்கில் இன்னும் ஒரு சுற்று அறுத்து, இறக்கினாள். பிறகுதான் வண்டியை முன்னும் பின்னும் உருட்டினோம்.

ஐயோ! அது இறங்கியது. யாரும் அழுத்தாமல், பெருமூச்சு விடுவதுபோல, இறங்கிக்கொண்டே போனது. இருபத்தாறு. தப்பு என்று தெரிந்தும் வாய் பிளந்து நின்றேன். அவ்வளவு அழகாக இருந்தது.

(ஜாக்கியிலிருந்து இறக்கியதும் சக்கரங்கள் உள்வாங்கி, வண்டி பொய் உயரம் காட்டும். உருட்டிவிட்டுத்தான் அளக்க வேண்டும். எங்கள் ஊரில் சைக்கிள் ஓட்டுபவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் உருட்டச் சொல்லாமல் அளந்தேன்.)

4

மூன்றாம் வரைவில் அத்தான் கண்ணீர் விடுகிறார். அந்த ஆளை எனக்கே நம்ப முடியவில்லை. நடந்தது இது: ஞாயிறு காலை கோலை ஊன்றி வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை.

"எவன்டி என் வண்டிய முட்டி போட வச்சது?"

"நான்தான்யா. ஏறு, இல்ல வித்துடறேன்."

ஸ்டீயரிங் இல்லாத வலப்பக்கக் கதவைத் திறந்தார். முதுகைக் காட்டி, மெல்லப் பின்னால் சாய்ந்து, உட்கார்ந்தார். வலது கையால் இடது காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். கதவைச் சாத்தினார்.

"நீ ஓட்டு," என்றார் அக்காவிடம். அந்த ஸ்டீயரிங்கை அதுவரை அவர் வேறொருவருக்கும் கொடுத்ததில்லை.

"ரொம்ப இறங்கிடுச்சுய்யா. திருப்பினா டயர் உரசும்."

"உரசட்டும். நாற்பது வருஷம் உரசாமத்தானே ஓட்டினேன்."

5

வாசலில் வாய்க்கால் மேடு. தேவாலயத்துக்கு இரண்டு மைல், மூன்று திருப்பம். ஒரு முடிவில் போய்ச் சேர்கிறார்கள், பாதிரியார் தண்ணீர் தெளிக்கிறார். இன்னொன்றில் மேட்டிலேயே வண்டியின் அடி தட்டி நிற்கிறது. இரண்டையும் எழுதினேன், இரண்டையும் கிழித்தேன். தப்பாக அளந்தவளுக்குத் தூரத்தைச் சொல்ல என்ன யோக்கியதை?

அக்கா சாவியைத் திருகிவிட்டாள். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மேட்டில் நிறுத்துங்கள், திருப்பத்தில் டயரைக் கிழியுங்கள், உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும்: எங்கே நின்றாலும், அவரை யாரும் தூக்கி இறக்க வேண்டாம்.